பெயர் பேரரசருக்கு, செலவு ஊராருக்கு: ரோம மாகாணங்களின் சாலைகள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "ரோமானியர்கள் பிடித்த நாடுகளில் எல்லாம் ஒரே மாதிரி நாலடுக்குக் கல்சாலை போட்டார்களா? அவ்வளவு சாலைக்கு யார் உழைத்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது? வியாபாரத்துக்காகத்தானே போட்டார்கள்?"

சுருக்கமான பதில்: ஒரே மாதிரி இல்லை. முதலில் பட்டாளம் போட்டது, பிறகு வழியோர ஊர்கள் சுமந்தன. வியாபாரம் பின்னால் வந்து அந்தச் சாலையில் ஏறிக்கொண்டது. ஆனால் இதைச் சுருக்கமாக விட எனக்கு மனசில்லை. சாலை வேலையில் வருஷக்கணக்காகத் தூசி தின்றவன் நான். ஒரு சாலையைப் பார்த்தால் போட்டது யார் என்பதைவிட, மழைக்கு அப்புறம் மராமத்து பார்த்தது யார் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

நாலடுக்குக் கதையை முதலில் முடித்துவிடலாம். அடியில் பெருங்கல், மேலே சுண்ணாம்புக் காரை சேர்ந்த சரளை, அதன்மேல் நைஸான கலவை, உச்சியில் பலகைக் கல் என்று ஒரு குறுக்குவெட்டுப் படம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. விட்ருவியஸ் என்ற ரோமக் கட்டடக் கலைஞர் இந்த அடுக்குகளைச் சொன்னது வீட்டுத் தரை போடுவதற்கு. 1622-ல் பிரான்சின் ரைம்ஸ் நகரத்து வக்கீல் நிக்கோலா பெர்ஜியே ரோமச் சாலைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று எழுதினார். அதில் தரைக்கான விளக்கத்தை எடுத்துச் சாலைக்குப் பொருத்திவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்தப் படத்தையே மாற்றி மாற்றி வரைந்துகொண்டிருக்கிறோம். தோண்டிப் பார்த்த இடங்களில் அப்படி நாலும் ஒழுங்காக அமைந்த சாலை அபூர்வம்.

ரோமானியர்களே சாலையைத் தரம் பிரித்துத்தான் பேசினார்கள்: மண் சாலை, சரளை பரப்பிய சாலை, கல் பாவிய சாலை. கி.மு. 174-ல் ரோம் நகர அதிகாரிகள் விட்ட ஒப்பந்தத்தில், ஊருக்குள் கல் பாவ வேண்டும், ஊருக்கு வெளியே சரளை போட்டால் போதும் என்று இருந்ததாக வரலாற்றாசிரியர் லிவி சொல்கிறார். தலைநகரத்துக்கே அதுதான் வரிசை என்றால் மாகாணங்களில் என்ன இருந்திருக்கும்? பெரும்பாலும் கிராவல்தான். பக்கத்தில் எது கிடைத்ததோ அதை அள்ளிப் போட்டார்கள். தென்கிழக்கு இங்கிலாந்தில் லண்டனிலிருந்து லூயிஸ் பக்கம் போகும் ரோமச் சாலையில் இரும்பு உருக்கிய உலைக் கசடையே கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். வழியில் இரும்பு உலைகள் நிறைய இருந்தன, கழிவு சும்மா கிடந்தது. சிரியாவில் அந்தியோக்கியாவிலிருந்து கிழக்கே போகும் சாலையில் டெல் அக்கிப்ரின் பக்கம் இன்றைக்கும் தடித்த சுண்ணாம்புக் கல் பலகைகளைப் பார்க்கலாம், ஏனென்றால் அங்கே தரையே சுண்ணாம்புப் பாறை. ஜெர்மானியச் சதுப்பில் மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி வழி போட்டார்கள். கி.பி. 15-ல் கைகினா என்ற தளபதி, எதிரி சுற்றி வளைத்து நிற்க, அந்த மாதிரி ஒரு பழைய மரவழியைச் செப்பனிட்டுக்கொண்டே தன் படையை வெளியே கொண்டுவந்த கதையை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் மூச்சு வாங்க எழுதியிருக்கிறார்.

பொருள் மாறினாலும் மாறாத விஷயம் ஒன்று உண்டு. சாலையை மேட்டில் போடு, நடுவில் உயர்த்தி இருபுறமும் சரிய விடு, ஓரத்தில் வாய்க்கால் எடு. தண்ணீர் நிற்காத சாலை நிற்கும். இன்றைக்கும் இதற்கு மேல் பெரிய ரகசியம் கிடையாது. ரோமானியர்களின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இதிலும் வழி பிடிப்பதிலும்தான் இருந்தது. குரோமா என்று ஒரு கருவி வைத்திருந்தார்கள்: ஒரு கம்பத்தின் உச்சியில் கூட்டல் குறி மாதிரி சட்டம், நான்கு முனையிலும் தூக்குக்குண்டு. அதை வைத்து ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு நேர் பிடித்துக்கொண்டே போனார்கள். அதனால்தான் பிரிட்டனின் ரோமச் சாலைகள் பல இடங்களில் குன்றின் உச்சியில் கொஞ்சம் திசை திரும்புகின்றன. லிங்கனிலிருந்து எக்ஸ்டர் வரை போகும் ஃபாஸ் வே சாலையில், லிங்கன் முதல் இல்செஸ்டர் வரையிலான பகுதி முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். நேர்க்கோட்டிலிருந்து அது எங்கேயும் பத்து கிலோமீட்டர்கூட விலகுவதில்லை.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ரோமானியர் வருவதற்கு முன்னால் அங்கெல்லாம் வெறும் காடு கிடந்தது என்று நினைக்கக் கூடாது. ஜூலியஸ் சீசர் கி.மு. 58 முதல் எட்டு வருஷம் காலியாவில், அதாவது இன்றைய பிரான்சில், படையையும் சாமான் வண்டிகளையும் இழுத்துக்கொண்டு அந்த வேகத்தில் ஓட முடிந்ததென்றால், ஓடுவதற்கு அந்த மக்களின் சாலைகள் இருந்தன. இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் ஷார்ப்ஸ்டோன் ஹில் என்ற இடத்தில் 2009-ல் தோண்டியபோது, ரோமச் சாலை என்று நம்பியதற்கு அடியில் ரோமானியருக்கு முந்தைய, கல் பரப்பிய சாலை அடுக்கடுக்காக வந்தது. பல இடங்களில் ரோமானியர் செய்தது பழைய தடத்தை நிமிர்த்தி, அகலப்படுத்தி, மைல்கல் நட்டுத் தங்கள் பெயரை எழுதியதுதான்.

சரி, யார் உழைத்தார்கள்? ஆரம்பத்தில் படைவீரர்கள். ஒரு மாகாணம் கைக்கு வந்ததும் பின்னாலேயே சாலை வரும். தெற்கு பிரான்சு வசமான கையோடு, கி.மு. 118 வாக்கில் ரோமத் தளபதி டொமிஷியஸ் அஹெனோபார்பஸ் ரோன் ஆற்றிலிருந்து பைரனீஸ் மலை வரை போட்ட வியா டொமிஷியா அப்படிப்பட்டது. அவர் பெயர் பொறித்த மைல்கல் 1949-ல் கிடைத்தது. மாசிடோனியா மாகாணமானதும் ஏட்ரியாட்டிக் கரையில் இன்றைய அல்பேனியாவின் துர்ரெஸிலிருந்து தெசலோனிக்கா வழியாகக் கிழக்கே வியா எக்னேஷியா போனது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பொருத்தம் இருக்கிறது. தெசலோனிக்கா வரை 267 மைல் என்று வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொன்னதைப் புவியியலாளர் ஸ்ட்ராபோ குறித்து வைத்திருக்கிறார். 1974-ல் தெசலோனிக்காவுக்குச் சற்று மேற்கே, காலிக்கோஸ் ஆற்றங்கரையில், லத்தீனிலும் கிரேக்கத்திலும் எழுதிய ஒரு மைல்கல் கிடைத்தது. அதில் ஆளுநர் நேயஸ் எக்னேஷியஸின் பெயர், கூடவே 260 என்ற எண். ஏட்டில் இருந்த கணக்கும் மண்ணில் கிடந்த கல்லும் இரண்டாயிரம் வருஷம் கழித்து ஒத்துப்போயின. அந்தச் சாலைக்கு ஏன் அந்தப் பெயர் என்ற கேள்விக்கும் அந்தக் கல்தான் விடை சொன்னது.

படைவீரர்கள் இந்த வேலையை ஆசையாகச் செய்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கி.பி. 107-ல் புதிதாகச் சேர்த்த அரேபியா மாகாணத்திலிருந்து யூலியஸ் அப்பொல்லினாரிஸ் என்ற வீரர் எகிப்தில் இருந்த அப்பாவுக்கு எழுதிய பாப்பிரஸ் கடிதம் கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் நாள் முழுக்கக் கல் உடைத்துச் சாகிறார்கள், நான் மட்டும் எழுத்து வேலையில் இருப்பதால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறேன், தெய்வத்துக்கு நன்றி என்கிறார். அது சாலைக்கு உடைத்த கல்லா, கட்டடத்துக்கு உடைத்ததா என்று கடிதத்தில் இல்லை. ஆனால் நாலைந்து வருஷத்தில் அதே மாகாணத்தில் வியா நோவா டிராயானா எழுந்தது. 111 முதல் 114 வரையிலான மைல்கற்களில் ஒரே வாசகம்: அரேபியாவை மாகாணமாக்கி, சிரியாவின் எல்லையிலிருந்து செங்கடல் வரை புதிய சாலையைத் திறந்து பரப்பினார் பேரரசர் டிராஜன். செய்தவர் ஆளுநர் கிளாடியஸ் செவெரஸ். 'புதிய' என்று எழுதினாலும் பெரும்பகுதி பழைய பாதையை ஒட்டியே போனது. பரப்பிய வழி என்பதற்கான லத்தீன் சொல் 'ஸ்ட்ராட்டா'. ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரீட்' அதிலிருந்துதான் வந்தது. அரபியில் தொழுகையில் ஓதும் 'சிராத்துல் முஸ்தகீம்', அதாவது நேரான வழி, அதில் வரும் 'சிராத்' என்ற சொல்லும் கிரேக்கம், அரமேயம் வழியாக அங்கிருந்தே போனது என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள்.

டான்யூப் ஆற்றில் செர்பியாவுக்கும் ருமேனியாவுக்கும் நடுவே மலையைப் பிளந்து ஆறு ஓடும் இரும்பு வாயில் பள்ளத்தாக்கு இருக்கிறதே, அங்கே நடந்ததுதான் இந்தப் பட்டாளத்து வேலையின் உச்சம். கரையே கிடையாது. செங்குத்துப் பாறையிலிருந்து நேராகத் தண்ணீர். பேரரசர் திபேரியஸ் காலத்தில், கி.பி. 33-34-ல், இரண்டு லீஜியன் படைகள் அங்கே பாறையைக் குடைந்து வேலை ஆரம்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. டிராஜன் 100-ல் அதை முடித்தார். பாறையில் பாதி அகலம் குடைந்து, மீதி அகலத்துக்குப் பாறையில் துளைகள் போட்டு உத்திரங்களைச் செருகி, ஆற்றின்மேல் தொங்கும் மரத்தளமாகச் சாலையை நீட்டினார்கள். "மலைகளை வெட்டி, உத்திரங்களை ஏற்றி" என்று கல்வெட்டிலேயே செய்முறை இருக்கிறது. அடுத்த வருஷம் டிராஜன் ஆற்றுக்கு அக்கரையில், இன்றைய ருமேனியாவில் இருந்த டேசியாமேல் படையெடுத்தார் என்பதைச் சேர்த்துப் படித்தால் சாலை எதற்கு என்று புரிந்துவிடும். இருபதாம் நூற்றாண்டில் அங்கே அணை கட்டியபோது சாலை தண்ணீருக்குள் போயிற்று. கல்வெட்டை மட்டும் பாறையோடு அறுத்து எடுத்து இருபது மீட்டருக்கு மேல் உயர்த்தி வைத்திருக்கிறார்கள்.

சாலை வந்தால் எல்லாருக்கும் நன்மை என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். வட ஆப்பிரிக்காவில் அப்படி இல்லை. கி.பி. 14-ல் ஆளுநர் அஸ்பிரெனாஸ் மூன்றாவது அகஸ்டா படையின் பாசறையிலிருந்து கடற்கரை நகரமான தகாப்பே வரை, இன்றைய துனிசியாவில், ஒரு சாலை போட்டார். ஆடுமாடுகளோடு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் கூட்டங்களின் மேய்ச்சல் நிலத்தை அந்தச் சாலை குறுக்கே வெட்டியது. மூன்று வருஷத்தில், 17-ல், தக்ஃபாரினாஸ் தலைமையில் கலகம் வெடித்தது. அடக்க ஏழு வருஷம் பிடித்தது. அவர்கள் நிலம் கேட்டார்கள் என்று டாசிட்டஸே எழுதுகிறார். சாலை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காரணங்களில் அதற்கு இடம் உண்டு என்பது என் கணிப்பு.

இனி பணம். இங்கேதான் கல்வெட்டைக் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும். டமாஸ்கஸுக்கு வடமேற்கே பரதா ஆற்றுப் பள்ளத்தாக்கில் அபிலா என்ற ஊர். 160-களில் ஆற்று வெள்ளம் சாலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மலையைக் குடைந்து புதுச் சாலை போட்டார்கள். அந்தப் பாறையில் கல்வெட்டு: பேரரசர் மார்க்கஸ் ஔரேலியஸும் பேரரசர் லூசியஸ் வேரஸும், ஆற்றின் வேகத்தால் அறுந்த சாலையை மலையை வெட்டிச் சீரமைத்தார்கள், தங்கள் நண்பரும் சிரியாவின் ஆளுநருமான யூலியஸ் வேரஸ் மூலமாக. பட்டமும் பெருமையும் எல்லாம் முடிந்து, கடைசியில் இரண்டே வார்த்தை: "அபிலா மக்களின் செலவில்."

எனக்குத் தெரிந்து ரோம மாகாணச் சாலைகளின் நிதிநிலை அறிக்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. ஸ்பெயினில் போர்ச்சுகல் எல்லையை ஒட்டி டேகஸ் ஆற்றின் குறுக்கே டிராஜன் காலத்து அல்கான்டரா பாலம் இன்றும் நிற்கிறது. அதன் கல்வெட்டும் இப்படித்தான். பேரரசர் பெயருக்கு ஒரு பலகை. காசு போட்டுப் பாலத்தை முடித்த லூசிட்டானியா மாகாணத்து ஊர்களுக்குத் தனியாக ஒரு பலகை, பட்டியலோடு. அபிலாவைவிட இங்கே கொஞ்சம் மரியாதை, அவ்வளவுதான்.

பேரரசர்கள் காசே போடவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஹேட்ரியன் 123-ல் கார்த்தேஜிலிருந்து தெவெஸ்தே வரை கல் பரப்பியபோது வேலை பார்த்தது சம்பளம் வாங்கும் படை, அந்தச் சம்பளம் அரசுடையது. பெரிய சாலைகளுக்கு மேற்பார்வை அதிகாரிகளும் ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் அதிலிருந்து பிரியும் ஊர்ச் சாலைகளுக்கு வேறு ஏற்பாடு என்று நில அளவையாளர் சிக்குலஸ் ஃபிளாக்கஸ் விவரமாகச் சொல்கிறார். வட்டாரத் தலைவர் நிலக்காரர்களிடம் ஆள் கேட்பார், இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் இத்தனை நீளத்தைத் தன் செலவில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பங்கு பிரித்துவிடுவார். ஏறக்குறையக் குடிமராமத்து.

சாலை போட்ட செலவாவது ஒரு தடவை. அந்தச் சாலையில் போகிறவர்களைச் சுமக்கும் செலவு தினமும். முதல் பேரரசர் அகஸ்டஸ் ஒரு தபால் போக்குவரத்தை ஏற்படுத்தினார். முதலில் வழியில் ஆங்காங்கே இளைஞர்களை நிறுத்தி ஆள் மாற்றி ஆள் ஓலை கொடுக்க வைத்தார். பிறகு, ஒரே ஆள் கடைசி வரை வந்தால் நேரில் விசாரிக்கவும் முடியும் என்று, ஆளை மாற்றாமல் வண்டியை மட்டும் மாற்றும் முறைக்குப் போனார். வண்டியும் கோவேறு கழுதையும் யார் கொடுப்பது? வழியில் இருக்கிற ஊர்கள்.

தென்மேற்குத் துருக்கியில் சகலாசஸ் என்ற மலைநகரத்துக்குத் திபேரியஸ் காலத்தில் ஆளுநர் சொட்டிடியஸ் ஸ்ட்ராபோ போட்ட உத்தரவு லத்தீனிலும் கிரேக்கத்திலும் கல்லில் இருக்கிறது. ஊர் பத்து வண்டியும் பத்துக் கோவேறு கழுதையும் தயாராக வைத்திருக்க வேண்டும். வாடகை விகிதம்: குறிப்பிட்ட தூரத்துக்கு வண்டிக்கு 10 செப்புக்காசு, கோவேறு கழுதைக்கு 4, சாதாரணக் கழுதைக்கு 2. யாருக்கு எத்தனை என்பதும் உண்டு. செனட்டர் அந்தஸ்து அதிகாரிக்குப் பத்து வண்டி வரை, நூற்றுவர் தலைவனுக்கு ஒரு வண்டி. தானியம் ஏற்றி வியாபாரத்துக்குப் போகிறவனுக்கு ஒன்றுமே கிடையாது. தங்க இடம் மட்டும் அதிகாரிகளுக்கு இலவசம். உத்தரவின் முன்னுரைதான் சுவாரசியம்: பணம் கொடுக்காமல் வண்டி எடுக்கக் கூடாது என்று அகஸ்டஸும் திபேரியஸும் ஏற்கெனவே சொல்லியாயிற்று, இருந்தும் சிலருடைய அட்டகாசம் தாங்கவில்லை, அதனால்தான் இந்தப் பட்டியல் என்கிறார். ஒரு சுற்றறிக்கையை மறுபடி மறுபடி விட வேண்டியிருக்கிறது என்றால், முதல் தடவையே யாரும் மதிக்கவில்லை என்று அர்த்தம். எந்த அலுவலகத்திலும் இதுதான் கதை.

பேரரசர் நெர்வா 97-ல் இந்தச் சுமையை நீக்கினார், நாணயமும் அடித்துக் கொண்டாடினார். நாணயத்தைக் கவனமாகப் படித்தால் "இத்தாலியின்" வண்டிச் சுமை நீக்கம் என்றிருக்கும். மாகாணங்களுக்கு ஒன்றும் மாறவில்லை. வடமேற்குத் துருக்கியில் பித்தினியா மாகாணத்தின் ஆளுநராக இருந்த இளைய பிளினி, தாத்தா இறந்த செய்தி கேட்டு அத்தையைப் பார்க்க ஊருக்குக் கிளம்பிய மனைவிக்கு அரசுப் பயணச்சீட்டைக் கொடுத்தனுப்பிவிட்டு, டிராஜனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறார். பரவாயில்லை என்று டிராஜன் பதில் எழுதினார். நேர்மையான மனிதர் கடிதமாவது எழுதினார். எழுதாமல் பயன்படுத்திய எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

238-ல் திரேஸ் மாகாணத்து ஸ்காப்டோபரா கிராமத்தார் பேரரசர் மூன்றாம் கார்டியனுக்குக் கொடுத்த மனு முழுதாகக் கிடைத்திருக்கிறது. இன்றைய பல்கேரியாவில் பிளகோயெவ்கிராத் பக்கம். ஊரில் வெந்நீர் ஊற்று உண்டு. பக்கத்தில் இரண்டு மைலில் பேர்பெற்ற சந்தை. சாலையில் போகும் சிப்பாய்கள் தங்கள் வழியை விட்டு விலகி ஊருக்குள் வந்து, தங்க இடமும் சாப்பாடும் காசு கொடுக்காமல் கேட்கிறார்கள், ஆளுநரின் ஆட்களும் அப்படியே வருகிறார்கள், முன்பு நிறைய வீடுகள் இருந்த ஊரில் இப்போது கொஞ்சம் பேர்தான் மிஞ்சியிருக்கிறோம், இது நிற்காவிட்டால் முன்னோர் வீட்டை விட்டு ஓடிவிடுவோம், அப்புறம் உங்களுக்கு வரியும் வராது என்று எழுதியிருக்கிறார்கள். கடைசி வாக்கியம்தான் சாமர்த்தியம். பேரரசரின் பதில்? ஆளுநரிடம் போய்ச் சொல்லுங்கள். கிராமத்தார் அந்தப் பதிலையும் சேர்த்தே கல்லில் வெட்டி வைத்தார்கள்.

வியாபாரம் பற்றிய கேள்விக்கு ஒரு கணக்கு போதும். 301-ல் பேரரசர் டையோக்ளீஷியன் போட்ட விலைக் கட்டுப்பாட்டு ஆணையில், சுமார் 390 கிலோ ஏற்றிய ஒரு வண்டிக்கு மைலுக்கு 20 தினாரியஸ் நாணயம் வரை வாங்கலாம். அதே ஆணையில் விவசாயக் கூலியாளுக்குச் சாப்பாடு போக ஒரு நாள் கூலி 25. அதாவது ஒன்றரைக் கிலோமீட்டர் வண்டி ஓட்ட, ஏறக்குறைய ஒரு ஆளின் ஒரு நாள் கூலி. நெல்லோ கோதுமையோ இந்த வாடகையில் எவ்வளவு தூரம் போகும்? 370-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியின் உள்நாட்டில் கப்படோசியாவின் சிசேரியாவில் பஞ்சம் வந்தபோது, கடலோர ஊர்கள் எப்படியோ சமாளிக்கும், உள்நாட்டில் இருக்கிற நாங்கள் இல்லாததை வரவழைக்கவும் முடியாது, இருப்பதை விற்கவும் முடியாது என்று கிறிஸ்தவ அறிஞர் நசியான்சஸ் கிரிகோரி புலம்புகிறார். அந்த ஊருக்கு நல்ல சாலை இருந்தது. சாலை இருந்தும் சோறு வரவில்லை. கனம் குறைவாகவும் விலை அதிகமாகவும் இருக்கும் சரக்குதான் நெடுஞ்சாலையில் லாபம் கொடுத்தது.

மைல்கல் பற்றி ஒரு வார்த்தை. ரோம மைல் என்பது ஆயிரம் இரட்டைக் காலடி, சுமார் 1.48 கிலோமீட்டர். எல்லாச் சாலையும் ரோமுக்கே போகும் என்று சொல்கிறார்கள். மாகாண மைல்கற்களில் எண்ணிக்கை ஆரம்பிப்பது பெரும்பாலும் பக்கத்துப் பெருநகரத்திலிருந்து: நார்போன், கார்த்தேஜ், போஸ்ட்ரா இப்படி. காலியாவில் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா போட்ட சாலைகள் லியோனிலிருந்து நாலாப் பக்கமும் கிளம்பின. மூன்றாம் நூற்றாண்டு தொடங்கியதும் அங்கே மைலையே விட்டுவிட்டு, அந்த நாட்டாரின் பழைய அளவான லூகாவில், அதாவது ஒன்றரை மைல் கணக்கில், அரசாங்கமே கல் நட்டது. ஆள்பவன் மொழியில் எழுதினாலும் ஊர்க்காரன் கணக்கில்தான் தூரம் புரியும் போலிருக்கிறது. மொத்தம் எவ்வளவு சாலை என்று கேட்டால், 2025-ல் வெளியான ஒரு கணினி வரைபடத் தொகுப்பு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் என்கிறது. அதில் இந்த இடத்தில்தான் இருந்தது என்று உறுதியாகக் காட்ட முடிவது 3 சதவிகிதத்துக்கும் குறைவு.

கடைசியாக எகிப்து. நம் பக்கத்துச் சரக்கு ஏறிய சாலை அது. முசிறியிலிருந்து போகும் கப்பல் செங்கடலில் பெரெனிக்கே அல்லது மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்தில் ஒதுங்கும். அங்கிருந்து நைல் நதிக்கரைக் கோப்டோஸ் வரை பாலைவனம். பெரெனிக்கேயிலிருந்து 257 மைல், பன்னிரண்டு நாள் என்று மூத்த பிளினி எழுதுகிறார். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் ராத்திரியில் நடை, பகலில் தண்ணீர் உள்ள தங்குமிடத்தில் தூக்கம். பாவிய கல் எதுவும் கிடையாது. கிடந்த கல்லை ஓரமாக ஒதுக்கித் தடம் ஆக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கிணறும் காவல் கோட்டையும் வரிசையாக இருந்தன. ஹேட்ரியன் 137-ல் தன் புது நகரமான அன்டினோபோலிஸிலிருந்து பெரெனிக்கேவுக்குத் திறந்த சாலையின் கல்வெட்டும் பெருமையடிப்பது நீர்த்தொட்டிகள், தங்குமிடங்கள், காவல் நிலையங்கள் பற்றித்தான். பாலைவனத்தில் தண்ணீர்தான் சாலை.

சும்மா போக முடியாது, சுங்கம் உண்டு. 90-ல் கோப்டோஸில் வைத்த கட்டணப் பலகையில் ஒட்டகத்துக்கான சீட்டு 1 ஓபோல், கப்பல் பாய்மரக் கம்பம் 20 டிராக்மா, சிப்பாயின் மனைவி 20, பாலியல் தொழிலுக்கு வரும் பெண் 108 என்று விகிதம் போட்டிருக்கிறார்கள். பிணம் கொண்டுபோய்த் திரும்புவதற்கும் 1 டிராக்மா 4 ஓபோல். செத்தவனையும் விடவில்லை.

இந்த வழியில் நம்மவர்கள் போனதற்குத் தடயம் இருக்கிறது. பெரெனிக்கேயில் கொற்றன் என்ற பெயரோடு ஒரு பானை ஓடு. பழைய மியோஸ் ஹோர்மோஸ் இருந்த குசைர் அல்-காதிமில் கணன், சாதன், அப்புறம் 'பானை ஒறி' என்று எழுதிய ஓடுகள், எல்லாம் தமிழ் பிராமியில். பெரெனிக்கே கோயிலில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. வியன்னாவில் இருக்கும் இரண்டாம் நூற்றாண்டு முசிறி பாப்பிரஸ் ஒரு கடன் ஒப்பந்தம். செங்கடல் துறையில் இறங்கிய சரக்கை நம்பகமான ஒட்டகக்காரனிடம் ஒப்படைத்து, காவலோடு கோப்டோஸின் சுங்கக் கிடங்கில் சேர்ப்பேன் என்று அதில் உறுதி கொடுக்கப்பட்டிருக்கிறது. பிறகு நைல் வழியாக அலெக்சாண்ட்ரியா. சரக்கின் மதிப்பில் கால்பங்கு வரி.

அந்த மிளகு எவ்வளவு தூரம் போனது? பேரரசின் மறு கோடியில், வட இங்கிலாந்தின் விண்டோலாண்டா கோட்டையில், 100-ஐ ஒட்டிய மெல்லிய மரத்தகட்டுக் கடிதங்கள் சேற்றுக்குள் அழுகாமல் கிடைத்தன. அதில் ஆக்டேவியஸ் என்ற ஒருவர் எழுதுகிறார்: கேட்டரிக்கில் தோல்கள் காத்திருக்கின்றன, முன்பே போய் எடுத்து வந்திருப்பேன், சாலை மோசமாக இருக்கும்போது மாடுகளை வதைக்க மனசு வரவில்லை. பட்டாளம் போட்ட சாலைதான், பட்டாளத்து ஊர்தான், போட்டுச் சில பத்தாண்டுகூட ஆகவில்லை. அதே கோட்டையில் கிடைத்த இன்னொரு பலகை, கடன் கணக்கு. அதில் தப்போவின் மகன் கம்பாக்ஸ் என்ற சிப்பாயின் பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறது: மிளகு, 2 தினாரியஸ்.